பொருள்: ‘மியர் காண்டுயிட்’ – வெறுங்கடத்தி வேண்டாம், வேறு சொல் பார்ப்போம்

அனுப்புநர்: தேவிபட்டினம் டீச்சர்

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தமிழில் எழுதிவரும் இணையச் சட்டக் கையேட்டில் ஒரு சொல்லால் வேலை நின்றுபோயிருக்கிறது. இணைய இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தை ஐரோப்பியச் சட்டம் ‘மியர் காண்டுயிட்’ என்கிறது. செய்தி அதன் வழியே போகிறது, அவ்வளவுதான். உள்ளே இருப்பதற்கு அந்த நிறுவனம் பொறுப்பாகாது. பரமக்குடி சார் ‘வெறுங்கடத்தி’ என்று எழுதியிருக்கிறார். தொண்டி வக்கீல் ஐயா ‘வெற்று இடைநிலையர்’ என்கிறார். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. நெட் இணைப்புத் தொழிலிலேயே இருக்கும் உச்சிப்புளித் தம்பி என்ன நினைக்கிறார்?

– தேவிபட்டினம் டீச்சர்

*

அனுப்புநர்: உச்சிப்புளி

டீச்சருக்கும் மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

> மின்கடத்தி, வெப்பக்கடத்தி என்று பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்கிறார்கள். ஊன்றிய சொல் இருக்கும்போது புதிதாகத் தேடுவானேன்? (பரமக்குடி சார்)

சார், பரமக்குடியில் கடத்தி என்றால் செம்புக் கம்பி. மண்டபத்துக்குக் கிழக்கே வந்தால் அது வேறு ஆள். எங்கள் பக்கத்துச் செய்தித்தாளைப் பிரித்தால் கடல் அட்டை கடத்தல், பீடி இலை கடத்தல், மஞ்சள் மூட்டை கடத்தல் என்று ஏதாவது ஒன்று கிடக்கும். ‘தகவல் கடத்தி’ என்று போர்டு மாட்டிக்கொண்டு நான் பாம்பனில் கேபிள் இழுக்க முடியுமா? வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ‘இந்த ஆள் குற்றவாளி இல்லை’ என்று சொல்வதுதான் இந்தச் சொல்லின் வேலையே. காதில் விழுந்ததும் குற்றவாளி ஞாபகம் வந்தால் அது எதற்கு?

> வெற்று இடைநிலையர் (வக்கீல் ஐயா)

ஐயா, இடைநிலையர் நல்ல சொல். ஆனால் அதை ‘இன்டர்மீடியரி’க்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 தரும் விளக்கத்தில் அதற்குள் யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள்: தொலைபேசி நிறுவனம், இணைய நிறுவனம், தேடுபொறி, ஆன்லைன் சந்தை, பணம் கட்டும் தளம், கடைசியில் சைபர் கஃபே வரைக்கும். வீட்டுக்கு ஃபைபர் இழுப்பவனும், மலைபோல வீடியோவைக் குவித்து வைத்துக்கொண்டு எதை யாருக்குக் காட்டலாம் என்று முடிவுபண்ணும் தளமும் ஒரே பெயரில் உட்கார்ந்திருக்கிறோம். ஐரோப்பாவின் 2000ஆம் ஆண்டு மின்வணிக நெறிமுறை இதை மூன்றாகப் பிரித்தது: வெறுமனே போகவிடுவது, கொஞ்ச நேரம் நகல் வைத்திருப்பது, ஏற்றி வைத்திருப்பது. 2022இல் வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டமும் அந்தப் பிரிவை அப்படியே வைத்துக்கொண்டது. நாம் இப்போது தேடுவது அந்த முதல் வகைக்கு மட்டுமான சொல்.

பத்திரிகைக்காரர்கள் எழுதும் ‘இடைத்தரகர்’ பற்றிப் பேசவே வேண்டாம். ஏலக் கொட்டகையில் தரகர் விலை சொல்கிறார், கமிஷன் எடுக்கிறார். நான் யாருடைய வாட்ஸ்அப்புக்கும் விலை வைப்பதில்லை.

> ‘வெறும்’ என்று அழுத்துவது கை கழுவுகிற மாதிரி இருக்கிறது தம்பி. கண்டதும் வந்து ஊர்ப் பிள்ளைகள் கெட்டால் நெட் கொடுப்பவர்களுக்கும் பங்கு இருக்கத்தானே செய்கிறது? வடிகட்டிக் கொடுத்தால் என்ன? (கீழக்கரை காக்கா)

கேட்கவேண்டிய கேள்விதான் காக்கா. இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அறையில் ஓஎல்டி என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் ஃபைபர் வழியில் ஸ்ப்ளிட்டரில் பிரிந்து வீடு வீடாகப் போகிறது. உப்புக்காற்றில் கம்பத்துக் கிளாம்ப் எல்லாம் பொரிந்து உதிரும். கனெக்டர் முனையில் தூசியும் ஈரமும் ஏறும், சிக்னல் இறங்கும், போன் வரும். ஏணியைச் சாய்த்து ஏறி அந்த முனையைத் துடைத்து மாட்டுவதுதான் என் பிழைப்பு. அந்த இழைக்குள் என்ன போகிறது என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு ஏறக்குறைய எல்லாத் தளமும் பூட்டுக்குறியோடு, மறையாக்கம் ஆகித்தான் வருகிறது. எந்தத் தளம் என்ற பெயர் மட்டும் மேலே இருக்கும் கம்பெனிக்குத் தெரியலாம். அந்தத் தளத்தில் எந்தப் பக்கம், எந்தப் படம், என்ன பேச்சு என்பது அவர்களுக்கும் தெரியாது. ஒரு பக்கத்தை மட்டும் நிறுத்து என்றால் நடுவழியில் இருப்பவரால் ஆகாது. தளத்தையே மூடலாம், இல்லை விட்டுவிடலாம்.

பூட்டு வருவதற்கு முன்னாலும் இதே கதைதான். 2003 செப்டம்பரில் மேகாலயாவைச் சேர்ந்த ஒரு சின்ன யாகூ மின்னஞ்சல் குழுமத்தை முடக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதை மட்டும் தனியே பிரிக்க நிறுவனங்களுக்கு வழி தெரியவில்லை. யாகூ குழுமங்களையே மொத்தமாக மூடிவிட்டார்கள். நம்மில் மூத்தவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும். 2006 ஜூலையில், மும்பை ரயில் குண்டுவெடிப்பு நடந்த சில நாளில், இருபதுக்கும் குறைவான முகவரிகளை முடக்கச் சொன்னார்கள். பிளாக்ஸ்பாட் என்ற வலைப்பூத் தளம் முழுக்கப் போயிற்று. குண்டுக்கும் அரசியலுக்கும் சம்பந்தமே இல்லாமல் மீன்குழம்புக் குறிப்பு எழுதியவரும் சேர்ந்து போனார். 2012இல் ஒரு சினிமாக் கம்பெனி சென்னை உயர்நீதிமன்றத்தில் வாங்கிய தடையாணையால் விமியோ போன்ற தளங்கள் முழுசாக மூடப்பட்டன. திருட்டுப் படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரியை மட்டும்தான் மூடவேண்டும் என்று அந்த ஜூன் மாதம் நீதிமன்றமே தெளிவுபடுத்த வேண்டிவந்தது.

இதெல்லாம் கைத்திறன் போதாத கதை என்று தள்ளிவிடலாம். 2015 ஆகஸ்டில் நடந்ததை அப்படித் தள்ள முடியாது. 857 ஆபாசத் தளங்களை முடக்கு என்றது மத்திய அரசு. ஊரே சத்தம் போட்டதும் சில நாளில் மாற்றிச் சொன்னது: குழந்தைகளை வைத்து எடுத்த ஆபாசம் இல்லாத தளங்களை மூடாமல் விட்டுக்கொள்ளலாம். சரி, எந்தத் தளத்தில் அது இருக்கிறது, எதில் இல்லை என்று யார் பார்ப்பது? நிறுவனங்கள் பார்க்கட்டும் என்றாயிற்று. அது எங்களால் ஆகாது என்று அவர்கள் கைவிரித்தார்கள். எனக்கு அவர்கள் மேல் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது, ஆனால் இதில் நியாயம் அவர்கள் பக்கம்தான். தப்பாக ஒன்றைத் திறந்து வைத்தால் கேஸ், தப்பாக ஒன்றை மூடினால் கேட்க ஆளில்லை என்றால் எந்தக் கம்பெனி திறந்து வைக்கும்? சந்தேகம் வந்ததையெல்லாம் மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கும்.

மூடியதற்குக் காரணம் சொல்லவும் வழி கிடையாது. 2009ஆம் ஆண்டு முடக்க விதிகளில் 16ஆவது விதி, எல்லாவற்றையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உத்தரவு லைசென்ஸ் வைத்திருக்கும் கம்பெனிக்குப் போகும். திட்டு எனக்கு வரும்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். தங்கச்சிமடத்தில் ஒரு அக்கா, வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர், ரவுட்டர் மாட்டும்போதே சொன்னார்: “தம்பி, அந்தக் கண்றாவியெல்லாம் வராமப் பண்ணிக் குடுத்துட்டுப் போங்க.” தளத்தின் பெயரைக் கேட்டு வழி சொல்லும் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.3 என்று மாற்றிக் கொடுத்தேன். கிளவுட்ஃபிளேர் கம்பெனி 2020இல் இலவசமாகத் திறந்துவிட்டது அது. ஆபாசத் தளத்தின் பெயரைக் கேட்டால் வழி சொல்லாது. பையன் மொபைல் டேட்டாவுக்கு மாறினால் இது உதவாது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அங்கே வடிகட்டச் சொன்னது அந்த வீடு. நாளைக்கு வேண்டாமென்றால் அவர்களே எடுத்துவிடலாம். அதே எண்ணை யாரையும் கேட்காமல் ஊருக்கே நான் போட்டால், அடுத்த தெருவில் நர்சிங் படிக்கும் பெண் எதைப் பார்க்கலாம் என்பதையும் நான் தீர்மானிக்கிறவனாகிவிடுவேன்.

குழந்தைகளுக்கு எதிரான படங்கள் வேறு. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை, பட்டியல் வந்தால் மூடவேண்டும். ஆனால் பட்டியல் போடுவது யார், தவறினால் திருத்துவது யார் என்று தெரியவேண்டும். பிரிட்டனில் இந்த வேலைக்கென்றே இருக்கும் ஐடபிள்யூஎஃப் என்ற அமைப்பு, 2008 டிசம்பரில் ஒரு பழைய இசைத்தட்டின் அட்டைப்படத்துக்காக விக்கிப்பீடியாவின் பக்கம் ஒன்றைப் பட்டியலில் சேர்த்தது. அதைத் தடுப்பதற்காக அங்குள்ள இணைய நிறுவனங்கள் விக்கிப்பீடியாவுக்குப் போகும் போக்குவரத்தைச் சில கணினிகள் வழியாகத் திருப்பின. லட்சக்கணக்கானோர் விரல்விட்டு எண்ணக்கூடிய முகவரிகளிலிருந்து வருவதாக விக்கிப்பீடியாவுக்குத் தெரிந்தது. கணக்கு இல்லாமல் அங்கே திருத்தம் செய்துவந்தவர்கள் திருத்த முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். சில நாளில் அந்த அமைப்பே பக்கத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பட்டியல் போட்டவர் யாரென்று தெரிந்ததால் எடுக்கச் சொல்லிக் கேட்க முடிந்தது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ஐரோப்பிய நெறிமுறையின் 12ஆம் உறுப்பும் (இப்போது அது டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 4ஆம் உறுப்பு) நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79(2)(பி)-யும் கேட்பது ஒரே மூன்று: செய்தியை நீ தொடங்கியிருக்கக் கூடாது, யாருக்குப் போகவேண்டும் என்று நீ தேர்ந்திருக்கக் கூடாது, உள்ளே இருப்பதை நீ பொறுக்கவோ மாற்றவோ கூடாது. பாதுகாப்பே அந்த ‘வெறும்’ என்பதில்தான் இருக்கிறது காக்கா. வடிகட்டு என்று என்னிடம் கொடுத்தால் உள்ளே கையை விட்டுப் பொறுக்கச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம். பெல்ஜியத்தில் இசை உரிமைச் சங்கம் ஒன்று, ஸ்கார்லெட் என்ற இணைய நிறுவனம் தன் சொந்தச் செலவில் எல்லாருடைய போக்குவரத்தையும் சலித்துப் பாட்டுத் திருட்டைத் தடுக்கவேண்டும் என்று வழக்குப் போட்டது. அப்படி ஆணையிட முடியாது என்று 2011 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது.

என் முன்மொழிவு: வெறுங்கடவை.

‘கடவு’ நமக்குப் புதிதில்லை. கடவுச்சொல், கடவுச்சீட்டு என்று தினமும் புழங்குகிறோம். ‘கடவை’ கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், தெருவிலேயே இருக்கிறது: பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை. பின்னதை நாம் ரயில்வே கேட் என்கிறோம். உச்சிப்புளிப் பக்கம் கேட்டில் இருப்பவர், வண்டியில் என்ன ஏற்றி வருகிறாய் என்று யாரையும் கேட்பதில்லை. ஸ்டேஷனிலிருந்து தகவல் வந்தால் அடைக்கிறார், ரயில் போனதும் திறக்கிறார். 2015 மார்ச்சில் ஸ்ரேயா சிங்கால் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ வந்த பிறகுதான் மூடும் கடமை, தானாகத் தேடிப்போய் இல்லை.

– உச்சிப்புளி

*

அனுப்புநர்: தொண்டி வக்கீல்

தம்பி, சொல் பிடித்திருக்கிறது. வாதத்தில் இரண்டு இடம் இடிக்கிறது.

ஒன்று, 79(2)-இல் (சி) என்று ஒன்று உண்டு. உரிய கவனத்தோடு நடந்திருக்கவேண்டும் என்கிறது. வெறும் கடவையாய் இருந்தேன் என்பது மட்டும் பதிலாகாது. தவிர, இடைநிலையருக்கான 2021 விதிகளில் ஒரு காப்புரை இருக்கிறது: சட்டவிரோதமானதைத் தானாக முன்வந்து நீக்கினாலும் அதனால் பாதுகாப்பு போய்விடாது. அதாவது கை வைத்தாலே காப்பு போச்சு என்று நீர் எழுதியது நம் நாட்டில் அவ்வளவு சுத்தமாக நிற்காது. ஏற்றி வைத்திருக்கும் தளங்களை மனதில் வைத்து எழுதிய விதி அது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விதியின் வாசகம் இடைநிலையர் எல்லாருக்கும் பொது.

இரண்டு, இணையத்தில் புண்படும்படி எழுதினால் குற்றம் என்ற 66ஏ பிரிவு ஸ்ரேயா சிங்காலில் போனதை எல்லாரும் சொல்கிறார்கள். அரசு முடக்க ஆணை போடும் 69ஏ-வை அதே தீர்ப்பு செல்லும் என்றதை மறக்கவேண்டாம். அந்த ஆணை சரிதானா என்று கேட்கும் இடம் கேட்காரர் அல்ல, நீதிமன்றம்.

ஒரு எச்சரிக்கையும். கையேட்டில் ரயில்வே கேட் உவமையைப் போடாதீர்கள். ஐரோப்பாவின் 2022 டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தில் ‘கேட்கீப்பர்’ என்றால் சந்தையைப் பிடித்துவைத்திருக்கும் ராட்சதக் கம்பெனி. ஆறாம் பகுதியில் அது வருகிறது. இங்கே கேட்காரர் ஒன்றும் அறியாதவர், அங்கே கேட்காரர் முதல் எதிரி என்றால் மாணவர்கள் குழம்பிப்போவார்கள்.

– தொண்டி

*

அனுப்புநர்: கீழக்கரை காக்கா

வெறுங்கடவைக்கு என் ஓட்டு. கொழும்பில் எங்கள் சொந்தக்காரர்களுக்குக் கடவை என்றால் விளக்கவே வேண்டாம். பொறுப்பு விஷயத்தில் தம்பி சொல்வதை நான் இன்னும் ஏற்கவில்லை. ரவுட்டரில் அந்த எண்ணைப் போட்டுத்தருவது இவ்வளவு சுலபம் என்றால், இணைப்பு கொடுக்கும்போதே “போடவா, வேண்டாமா” என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்கலாமே? கேட்பது வடிகட்டுவது ஆகாது. சொந்தமாகக் கேட்கத் தெரியாத வீடுகள் நம்மூரில் எத்தனை!

– காக்கா

*

அனுப்புநர்: உச்சிப்புளி

ஐயா, காப்புரையைப் பார்த்தேன். 79(2)(சி)-யையும் சேர்த்து அடிக்குறிப்பாகப் போட்டுவிடலாம், வாசகத்தை நீங்களே எழுதித் தாருங்கள். கேட்காரரை எடுத்துவிடுகிறேன்.

காக்கா, கேட்கலாம். இனிமேல் மாட்டப்போகும் இணைப்புகளில் கேட்கிறேன்.

– உச்சிப்புளி

*

அனுப்புநர்: தேவிபட்டினம் டீச்சர்

பிளஸ் டூ வகுப்பில் ‘கடவை’ என்று எழுதிக்காட்டி என்னவென்று கேட்டேன். “பாஸ்வேர்டு போடுற இடமா டீச்சர்?” என்றது ஒரு குரல். “ஏதோ தாண்டிப்போற இடம்” என்றது இன்னொன்று. இரண்டாவது போதும் எனக்கு.

பதிவு இப்படி இருக்கட்டும்:

வெறுங்கடவை – தான் தொடங்காத, பெறுநரைத் தான் தேராத, உள்ளடக்கத்தைத் தான் பொறுக்கவோ மாற்றவோ செய்யாத செய்தியைத் தன் வழியே போகவிடும் சேவை. ‘இணைப்பு மட்டும் தருவதால் அந்த நிறுவனம் வெறுங்கடவை ஆகும்.’

வெறுங்கை, வெறுங்கால் போலப் புணர்வதால் பரமக்குடி சாருக்கும் இலக்கண ஆட்சேபம் இல்லையாம். ஆளைக் குறிக்கக் ‘கடவையர்’ வேண்டுமா என்பதை அப்புறம் பார்க்கலாம். எனக்கு அது கடவுளுக்குப் பக்கத்தில் ஒலிக்கிறது. அடுத்தது ‘கேச்சிங்’, கொஞ்ச நேரம் நகல் வைத்திருக்கும் அந்த இரண்டாம் வகை. ‘இடைச்சேமிப்பு’ என்று போட்டு வைத்திருக்கிறேன். மாற்றுக்கருத்து உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.

– தேவிபட்டினம் டீச்சர்