மறு: 'இனப்பெருக்கக் காப்பீடு' சரிதானா?

ஐயா, வணக்கம்.

ஆங்கிலத்தில் reproductive assurance என்பதற்கு 'இனப்பெருக்கக் காப்பீடு' என்று வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பொருளளவில் சரிதான். ஆனால் எங்கள் மன்னார்குடிப் பக்கம் காப்பீடு என்றால் சம்பாவுக்குக் கட்டிய பிரிமியமும் வராத இழப்பீடும்தான் ஞாபகத்துக்கு வரும்.

எதற்குப் பெயர் வைக்கிறோம்? ஒரே ஒரு விதை கடல் தாண்டித் தீவில் ஒதுங்கி, முளைத்து, பூக்கிறது. துணைக்கு இன்னொரு செடி இல்லை, பழகிய வண்டும் இல்லை. தன் மகரந்தத்தையே ஏற்கும் செடி காய்க்கும், மற்றது அந்தத் தலைமுறையோடு சரி. தாவரவியலாளர் பேக்கர் 1955-இல் சொன்னது இதைத்தான். கலாபகோஸ் தீவுகளுக்கே உரிய தேனீ ஒரே இனம்தான் (அதுவும் மரம் துளைக்கும் வகை), அங்கே சோதித்த செடிகளில் பெரும்பாலானவை தன் மகரந்தத்திலேயே காய்க்கின்றன.

அப்படியானால் 'தன்மகரந்தச் சேர்க்கை' போதாதா என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். போதாது. அது செயல், நாம் தேடுவது அதன் பயன். நெற்பயிரோ, வண்டு வந்தாலும் வராவிட்டாலும், தன் மகரந்தத்தைத் தானேதான் சேர்க்கிறது. இந்தச் சொல்லுக்குரியதோ, வண்டு தவறும்போது கைகொடுக்கும் காய். அளப்பதும் அப்படித்தான்: சில பூக்களில் மகரந்தப்பையைக் கிள்ளிவிட்டு, சிலவற்றை அப்படியே விட்டு, இரண்டிலும் விளைந்த விதையை எண்ணிப் பார்ப்பார்கள். கிள்ளாத பூவில் கூடுதலாக இருப்பதுதான் நாம் பேசும் சங்கதி.

எங்கள் கொல்லைப் பரங்கிக்கு அந்த வசதி கிடையாது, ஆண்பூ வேறு பெண்பூ வேறு. ஒரு வாரம் விடாத தூறல், வண்டையே காணோம், பிஞ்செல்லாம் பழுத்து உதிர்ந்தது. அப்புறம் விடியற்காலையில் ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, பெண்பூவின் நடுவில் நானே தடவினேன். மூன்று பிடித்தது. அதுவரை அம்மா தினமும் சொன்னது "காய்ப்பே இல்லடா". அங்கிருந்துதான் எனக்குச் சொல் கிடைத்தது: காய்ப்புறுதி.

நெல்லுக்கு மணி பிடிப்பது என்போமே தவிரக் காய்ப்பது என்று சொல்வதில்லை, அந்தக் குறை இருக்கிறது. 'விதையுறுதி' என்று வைத்தால் விதைச்சான்று அட்டை மாதிரி ஒலிக்கிறது, அதனால் விட்டேன்.

மொரீஷியஸில் பல்லி மகரந்தம் சுமப்பதையும் இதில் சேர்க்கலாம் என்றீர்கள். அங்கே சுமக்க ஆள் கிடைத்துவிட்டதே ஐயா, இதில் எப்படிச் சேரும்? அதற்குப் 'பல்லிவழிச் சேர்க்கை' என்று போட்டு வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.