பிரிந்து போகும் வழி எழுதப்படாத கூட்டு நியாயமானதா? (ஸ்காட்லாந்து)

கிளைட்கரை:
2022 நவம்பர் 23 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்த ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: வெஸ்ட்மின்ஸ்டர் (லண்டனிலுள்ள பிரிட்டன் நாடாளுமன்றம்) ஒப்புக்கொள்ளாமல், தனிநாடு பற்றிய வாக்கெடுப்புக்கு ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சட்டம் போட முடியாது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். எனக்கு உறுத்துவது வேறு. 1707-இல் இரண்டு நாடாளுமன்றங்கள் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்தன. சேர இருவர் சம்மதம் தேவைப்பட்டது. இன்று பிரியலாமா என்று தன் சொந்த மக்களைக் கேட்பதற்கே ஒருவர் மற்றவரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது.

நான் கிளாஸ்கோவில் இருக்கிறேன். 2014-இல் நடந்த தனிநாடு வாக்கெடுப்பில் இந்தியக் கடவுச்சீட்டோடு போய் ஓட்டுப் போட்டேன். இங்கே வசித்த காமன்வெல்த் நாட்டவருக்கும் அந்த உரிமை இருந்தது. 'ஆம்' என்று போட்டேன். 55.3-க்கு 44.7 என்று தோற்றோம். மனம் வலித்தது, ஆனாலும் ஏற்றுக்கொண்டேன். அந்தப் பிரச்சாரத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்க வேண்டுமானால் பிரிட்டனோடு இருங்கள் என்று எங்களுக்குச் சொன்னார்கள். இரண்டே ஆண்டில் வந்த ஒன்றிய வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்தின் 32 உள்ளாட்சிப் பகுதிகளும் 'நீடிப்போம்' என்று ஓட்டளித்தும், 2020-இல் ஒன்றியத்தை விட்டு வெளியே கொண்டுபோகப்பட்டோம். எந்த உறுதியை நம்பிச் சேர்ந்திருக்கச் சம்மதித்தோமோ அது போன பிறகு, மறுபடி கேட்க உரிமை இல்லையா?

லெஸ்டர் மாறன்:
அனுமதி மறுக்கப்பட்ட கதையை மட்டும் சொல்கிறீர்கள். கொடுக்கப்பட்டதையும் சொல்லுங்கள். 2012-இல் பிரிட்டன் பிரதமர் கேமரனும் ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் சால்மண்டும் அந்த 2014 வாக்கெடுப்புக்கான ஒப்பந்தத்தில் எடின்பரோவில் கையெழுத்திட்டார்கள். 16 வயதுப் பிள்ளைகளுக்கும் ஓட்டுரிமை, தேதியைக் குறிக்கும் பொறுப்பு ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கே. 2017-இல் ஸ்பெயினின் கட்டலோனியா வாக்கெடுப்பு நடத்தியபோது மாட்ரிட் காவல்துறையை அனுப்பியதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

பிரெக்ஸிட் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் லண்டனிலும் 60 சதவீதம் பேர் 'நீடிப்போம்' என்றுதான் போட்டார்கள். ஒரே நாடு, மொத்தத்துக்கும் ஒரே வாக்கு எண்ணிக்கை.

நியாயம் என்றால் இங்கிலாந்தின் பக்கமும் பார்க்க வேண்டும். 2004 ஜனவரியில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களின் கட்டண உயர்வு 316-க்கு 311 என்று ஐந்தே ஓட்டில் தேறியது. ஸ்காட்லாந்துத் தொகுதிகளின் தொழிலாளர் கட்சி உறுப்பினர்கள் கைகொடுக்காவிட்டால் தோற்றிருக்கும். அவர்கள் தொகுதிப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டணம் கிடையாது. அது ஹோலிரூட்டின் (ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின்) கையில். 2008-இல் கல்லூரிக்குப் போன என் மகள் ஆண்டுக்கு 3,000 பவுண்டுக்கு மேல் கடன் எடுத்தாள். அவள் கட்டணத்தைத் தீர்மானித்தவரை அவளோ நானோ தேர்தலில் கேள்வி கேட்க முடியாது. அரசுச் செலவும் தலைக்குக் கணக்குப் பார்த்தால் ஸ்காட்லாந்தில் இங்கிலாந்தைவிட அதிகம்.

நிலா:
மாறன் அண்ணா, கட்டண விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். டாம் டேலியல் என்ற ஸ்காட்லாந்து உறுப்பினரே 1977-இல் இதே கேள்வியை எழுப்பினார். அவர் தொகுதியின் பெயரால்தான் அது இன்றும் வெஸ்ட் லோதியன் கேள்வி.

லண்டன் ஒப்பீட்டை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. லண்டன் யாரோடும் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்த நாடு அல்ல. 1707-க்குப் பிறகும் ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமுறை, தனித் திருச்சபை, தனிக் கல்விமுறை. அதை 'ஒரே நாடு' என்று ஒரு சொல்லில் அழித்துவிட முடியுமா?

கிளைட்கரைக்கு ஒரு கேள்வி: எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை? தோற்றவர் ஜெயிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பதும் நியாயமாகத் தோன்றவில்லை.

கிளைட்கரை:
நல்ல கேள்வி. பதில் ஏற்கெனவே பிரிட்டனின் சட்டத்திலேயே இருக்கிறது. 1998 புனித வெள்ளி ஒப்பந்தப்படி, வட அயர்லாந்தில் பெரும்பான்மையினர் அயர்லாந்தோடு சேர விரும்பக்கூடும் என்று தெரிந்தால் அமைச்சர் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். ஒருமுறை நடத்தினால் அடுத்ததற்குக் குறைந்தது ஏழு ஆண்டு இடைவெளி. அதையே எங்களுக்கும் எழுதிக் கொடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

செலவுக் கணக்கைப் பேசினால் வடகடல் எண்ணெயையும் பேச வேண்டும். எண்ணெய் வருமானம் தனி ஸ்காட்லாந்தை எவ்வளவு வளமாக்கும் என்று 1974-இல் மெக்ரோன் என்ற அரசுப் பொருளாதார அறிஞர் எழுதிய அறிக்கை, 2005 வரை பொதுமக்கள் கண்ணில் படவில்லை.

லெஸ்டர் மாறன்:
வட அயர்லாந்தை இதோடு சேர்க்காதீர்கள். முப்பது ஆண்டு ரத்தம் சிந்தி, 3,500 பேர் செத்த பிறகு வந்த ஏற்பாடு அது.

கிளைட்கரை:
அதனால்தான் கேட்கிறேன். ஒரு துப்பாக்கிகூட எடுக்காமல் ஓட்டுப் பெட்டியை மட்டும் நம்பியவர்களுக்குக் குறைந்த உரிமையா? வாக்கெடுப்பு கேட்கும் கட்சிகளுக்கு 2021-லும் ஹோலிரூட்டில் பெரும்பான்மை கிடைத்தது. இன்னும் எப்படிக் கேட்பது, சொல்லுங்கள்.

லெஸ்டர் மாறன்:
இரவு முழுக்க யோசித்தேன். சரி, வழி எழுத்தில் இருக்கட்டும். ஏழு ஆண்டு விதியையும் ஏற்கிறேன். ஆனால் பாதிக்கு மேல் ஒரு ஓட்டு விழுந்தால் 300 ஆண்டு நாடு உடையும் என்பதை ஏற்க முடியாது. 1995-இல் கியூபெக் கனடாவை விட்டுப் போவதும் போகாததும் ஏறத்தாழ 54,000 ஓட்டில் தொங்கியது. அதன் பிறகு 1998-இல் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது: தன்னிச்சையாகப் பிரியக் கூடாது, தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால் மற்றவர்கள் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தே ஆக வேண்டும். 60 சதவீதம் என்று வையுங்கள்.

நிலா:
அண்ணா, இப்படி ஒரு வரம்பை ஸ்காட்லாந்து பார்த்துவிட்டது. 1979 மார்ச்சில் ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டும் என்று 51.6 சதவீதம் பேர் ஓட்டளித்தார்கள். ஆனால் பட்டியலில் உள்ள மொத்த வாக்காளரில் 40 சதவீதம் 'ஆம்' சொல்ல வேண்டும் என்று லண்டனில் விதி சேர்த்திருந்தார்கள். கிடைத்தது 32.9. ஓட்டுப் போட வராதவரும், இறந்தும் பட்டியலில் பெயர் நீக்கப்படாதவரும் 'இல்லை' பக்கம் சேர்ந்த கணக்கு. ஜெயித்தும் தோற்றார்கள். சட்டமன்றம் வர இருபது ஆண்டு ஆனது. வரம்பு என்ற சொல்லைக் கேட்டாலே அங்கே பலருக்கு இது நினைவுக்கு வரும்.

கிளைட்கரை:
எங்களை ஐரோப்பாவிலிருந்து வெளியே எடுத்ததும் 51.9 சதவீதம்தான், மாறன். அதற்கு யாரும் 60 கேட்கவில்லை.

லெஸ்டர் மாறன்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். 2016-லும் 60 கேட்டிருக்க வேண்டும். அன்று செய்த பிழையை இன்னொரு முறை செய்யவும் எனக்கு மனமில்லை.

வழியை எழுதும் அதே தாளில் ஒன்றையும் சேர்க்க வேண்டும்: இங்கிலாந்துக்கு மட்டுமான சட்டத்தில் ஸ்காட்லாந்து உறுப்பினர் ஓட்டுப் போடக் கூடாது. 2015-இல் அதற்கு ஓரளவு விதி வந்தது, 2021-இல் எடுத்துவிட்டார்கள்.

கிளைட்கரை:
அந்த வரிக்கு நான் இன்றே சம்மதம். உங்கள் மகள் கட்டணத்தில் எங்கள் உறுப்பினர் கை வைத்தது தவறு. 60 சதவீதத்துக்கு மட்டும் சம்மதிக்க மாட்டேன்.