வெனிலா பிளாக் டீ: பால் ஊற்றலாமா, கூடாதா?

பாலாற்றங்கரை
வெனிலா மணமூட்டிய கறுப்புத் தேயிலையை வாங்கி, பாலோடு போட்டுப் பொங்கப் பொங்கக் காய்ச்சுகிற வழக்கம் நம்ம வேலூர்ப் பக்கம் பரவிக்கொண்டிருக்கிறது. அதற்கு டஸ்ட் டீயே போதுமே, காசாவது மிஞ்சும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: 200 மில்லி தண்ணீர், இரண்டரை கிராம் இலை. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, இலைமேல் ஊற்றி, மூடி, மூன்று நிமிடம். வடிகட்டி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு குடியுங்கள். இலையைப் போட்டுக் கொதிக்கவிட்டால் வெனிலா ஆவியாகிப் போய்விடும். பால் ஒரு சொட்டும் கூடாது.

கொணவட்டம் டீ மாஸ்டர்
தலைவரே, கஸ்டர்டு, ஐஸ்கிரீம் எல்லாம் பால்லதானே செய்யறாங்க? அங்கே ஒத்துப்போற வெனிலா டீயில மட்டும் பாலோட சண்டை போடுமா? பால் சேர்த்தா இலையோட துவர்ப்பு அடங்கும், வெனிலாவோட இனிப்பு மேல வரும். ஆனா உங்க அளவுல போட்ட டீயில பால் ஊத்தினா கழனித்தண்ணி மாதிரிதான் இருக்கும். பாலுக்குன்னு தனி அளவு உண்டு: 120 மில்லி தண்ணிக்கு 4 கிராம் இலை, மூடி வெச்சு அஞ்சு நிமிஷம். வடிகட்டினப்புறம், தனியா காய்ச்சின பால் 50 மில்லி. பாலையும் இலையையும் ஒண்ணா கொதிக்க விடக்கூடாதுங்கறது சரி.

பாலாற்றங்கரை
ஐஸ்கிரீமில் போடுகிற வெனிலாவின் அளவு என்ன, ஒரு கப் டீயில் இறங்குவது என்ன? பாலின் புரதம் துவர்ப்பை மட்டும் பிடிப்பதில்லை, வெனிலாவின் முக்கிய மணப்பொருளான வெனிலினையும் பிடித்துக்கொள்ளும். கொழுப்பில் கரைந்ததும் மூக்குக்கு வரத் தயங்கும். டீயில் இருக்கிற கொஞ்சத்தையும் பாலுக்குத் தாரை வார்ப்பானேன்?

இலைத்தூள்
இருவருக்கும் ஒரு திருத்தம். வெனிலினின் கொதிநிலை சுமார் 285 டிகிரி செல்சியஸ். டீ கொதிக்கும்போது அது அவ்வளவு எளிதில் ஓடிப்போகாது. ஓடுவது தேயிலையின் சொந்தப் பூமணம். கூடவே கசப்பும் துவர்ப்பும் மட்டுமீறி இறங்கி வெனிலாவை அமுக்கிவிடுகின்றன. அதனால்தான் “மணம் போய்விட்டது” என்று தோன்றுகிறது. மூடி வைக்கச் சொன்னது சரிதான், காரணம் வேறு.

பால் கட்சிக்கு ஒரு சாட்சியும் தருகிறேன். தேயிலை சுவைத்துப் பார்ப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேசத் தர முறையில் 100 மில்லிக்கு 2 கிராம், 6 நிமிடம். பால் சேர்த்துச் சுவைக்கவும் அதில் வழி இருக்கிறது.

பாலாற்றங்கரை
அது இலையின் குறைநிறையை அம்பலப்படுத்த வைத்த முறை. அந்த அளவில் போட்டு அப்படியே குடித்தால் நாக்கு இழுத்துக்கொள்ளும். சாட்சி செல்லாது.

ஆம்பூர் பாய்
பால், பால் இல்லை, இது ரெண்டுதானா? எங்க பக்கம் பிரியாணிக்குப் பின்னால சுலைமானிதான், பால் இல்லாத எலுமிச்சை டீ. வெனிலா இலையிலயும் அப்படியே போடலாம். 200 மில்லிக்கு அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு டீஸ்பூன் சர்க்கரை, நிறம் பளிச்சுனு வரும்.

கொணவட்டம் டீ மாஸ்டர்
நிறம் வரும் பாய், வெனிலா வராது. எலுமிச்சை முன்னால நின்னா அது பின்னால ஒளிஞ்சுக்கும். ஏலக்காய், பட்டையும் அப்படித்தான். சுலைமானிக்குச் சாதா இலையே போடுங்க. சர்க்கரை சொன்னது மட்டும் சரி. அரை டீஸ்பூன் வெள்ளைச் சர்க்கரை போட்டா வெனிலா தூக்கலா தெரியும். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி வேணாம், அதுங்களுக்குச் சொந்த வாசனை இருக்கு.

இலைத்தூள்
நம்ம ஊரில் டீயைக் கெடுப்பது பாலைவிடத் தண்ணீர்தான், அதை யாருமே பேசவில்லை. போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். டீ மேலே எண்ணெய் மாதிரி ஒரு ஏடு மிதக்கிறதே, அது வெனிலா எண்ணெய் இல்லை. தண்ணீரில் இருக்கும் கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலைச் சத்தோடும் காற்றோடும் சேர்ந்து கட்டுகிற ஏடு. நிறம் கருத்து, சுவை மந்தமாகிவிடும். அந்தக் கப்பை வைத்துக்கொண்டு இலையைக் குறை சொல்ல முடியாது. அதே இலையை ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு கப், காவிரிக் கூட்டுக் குடிநீரில் ஒரு கப் போட்டு அருகருகே வைத்துப் பாருங்கள். ஆர்.ஓ. மட்டும் ஊற்றித் துவர்ப்பு கூர்மையாக இருந்தால் இரண்டையும் கலக்கலாம். எலுமிச்சை ஊற்றினால் ஏடு மறையும். பாய்க்கு நிறம் பளிச்சென்று வருவதில் அதற்கும் பங்குண்டு.

சத்துவாச்சாரி
கடையில் வாங்குவதை நம்பலாமா, வீட்டிலேயே கலந்துகொள்ளலாமா?

இலைத்தூள்
முதலில் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். இயற்கை மணமா, இயற்கையை ஒத்த மணமா, செயற்கையா என்று இருக்கும். ஆய்வகத்தில் வெனிலின் செய்வது 1874இலேயே தொடங்கியது. அது விஷமும் இல்லை, கேவலமும் இல்லை, ஆனால் ஒற்றைச் சுருதி. பதப்படுத்திய வெனிலா பீனில், அதாவது வெனிலாக் கொடியின் காயில், அதோடு வேறு பல மணங்களும் உண்டு. இலைக்குள் கறுப்புத் துணுக்குகளைக் கண்டு ஏமாறாதீர்கள். சாரம் எடுத்த பின் எஞ்சிய சக்கையும் அப்படித்தான் தெரியும். பாக்கெட்டைப் பிரித்ததும் தூக்கியடிக்கும், கப்பில் ஒன்றுமிருக்காது என்றால் மணம் இலைமேல் பூச்சாகத்தான் இருக்கிறது.

வீட்டில் கலக்க: நீலகிரி ஆர்த்தடாக்ஸ் இலை (சுருட்டி உலர்த்திய இலைத் தேயிலை) 100 கிராம். சி.டி.சி. குருணை (எந்திரத்தில் நசுக்கிக் கிழித்து உருட்டியது) வேண்டாம், அதன் வேகத்தில் வெனிலா எடுபடாது. வெனிலா பீன் இரண்டு, ஏழு கிராம் வரும். நீளவாக்கில் கீறி, விதையை வழித்து இலையில் பிசிறி, தோலை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். இந்தத் துண்டுகளை ஒருநாள் நிழலில் உலர்த்துவதை விட்டுவிடாதீர்கள். பீனில் ஈரம் 25 சதவீதத்துக்கு மேலும் இருக்கலாம், இலையிலோ ஐந்துக்குள். அப்படியே அடைத்தால் பூசணம்தான். கண்ணாடி ஜாடியில் மூன்று வாரம், இடையிடையே குலுக்கி.

பாலாற்றங்கரை
கணக்கையும் சொல்லிவிடலாம். நல்ல பீனின் எடையில் வெனிலின் ஏறக்குறைய 2 சதவீதம். ஏழு கிராமில் 140 மில்லிகிராம். முழுவதும் இறங்கினாலும் இரண்டரை கிராம் இலைக்கு மூன்றரை மில்லிகிராம்தான். அதிலும் பெரும்பகுதி தோல் துண்டிலேயே தங்கும், எனவே கப்புக்கு ஒரு துண்டாவது விழ வேண்டும். மாஸ்டர், இதில் 50 மில்லி பால் ஊற்றி எதைத் தேடுவீர்கள்?

கொணவட்டம் டீ மாஸ்டர்
பீன் டீக்கு உங்க கட்சியே இருக்கட்டும். கடையில விக்கிற மணமூட்டின இலைக்கு என் அளவுதான், அதுல வாசனை தாராளமாவே இருக்கு.

ஆம்பூர் பாய்
பால் இல்லாம குடிக்கறவங்க ஆற்காடு மக்கன் பேடாவோட குடிச்சுப் பாருங்க. பாகு ஊறின இனிப்புக்குச் சர்க்கரை போடாத டீ நல்லா நிக்கும்.

இலைத்தூள்
முதல் மிடறு பேடாவுக்கு முன்னால். பாகு நாக்கில் பட்டபின் வெனிலா தெரியாது. ஜாடியை அடுப்பு மேடையில் வைக்காதீர்கள், சித்திரை வெயிலில் அங்கே மணம் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஃபிரிட்ஜும் வேண்டாம், வெளியே எடுத்துத் திறந்ததும் உள்ளே வியர்க்கும்.