மறு: ஃபிளேம் ரிடார்டன்ட் – தீத்தடுப்பானா, தணிப்பியா?

வணக்கம்.
பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கான மின்கழிவுக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'புரோமினேட்டட் ஃபிளேம் ரிடார்டன்ட்' பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. தொலைக்காட்சி உறை, மின்சுற்றுப் பலகை, மெத்தை நுரை எல்லாம் சட்டென்று பற்றிக்கொள்ளாமலிருக்கச் சேர்க்கும் சேர்மங்கள். இப்போதைக்குத் 'தீத்தடுப்பான்' என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

---
> தீத்தடுப்பான்

வேண்டாம். தீயே வராது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். நடப்பது வேறு. சூடேறியதும் சேர்மம் உடைந்து ஹைட்ரஜன் புரோமைடு வெளிவரும். அது சுடருக்குள் இருக்கும் ஹைட்ரஜன், ஹைட்ராக்சில் தனி உறுப்புகளை (ஃப்ரீ ராடிக்கல்) பிடித்துக்கொள்வதால் எரிதலின் சங்கிலி வினை தளர்கிறது. தளர்கிறது, அவ்வளவுதான். வெளியே தீ பெரிதாக இருந்தால் பிளாஸ்டிக் எரியத்தான் செய்யும், தப்பிக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். என் பரிந்துரை 'எரிதணிப்பி'.

---
> எரிதணிப்பி

தணிப்பி சரி, எரி சரியில்லை. எரிமலை, எரிநட்சத்திரம் எல்லாம் வினைத்தொகை. அந்த வரிசையில் இது 'எரிகின்ற தணிப்பி' ஆகிவிடும். எரியைப் பெயராகக் கொண்டாலோ, பூச்சிக்கொல்லி போல வல்லினம் மிகுந்து 'எரித்தணிப்பி'. காதில் 'எரித்து' என்று விழும். 'தீத்தணிப்பி' என்றால் இந்தத் தொல்லை இல்லை.

இகர விகுதியைப் பற்றியும் சொல்லவேண்டும். குறள் சினத்தைச் 'சேர்ந்தாரைக் கொல்லி' என்கிறது. சேர்ந்தவரைக் கொல்வது, அதாவது நெருப்பு. தீக்கே இகரத்தில் பெயர் இருக்கும்போது அதைத் தணிப்பதற்கும் இகரத்திலேயே பெயர் அமைவதுதான் அழகு. ஆன் ஆண்பால் விகுதி, பொருளுக்கு எதற்கு?

அப்புறம், புரோமின் என்ற பெயரே நாற்றம் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1826-இல் பிரெஞ்சு வேதியியலாளர் பலார் கண்டறிந்த தனிமம், மூக்கைத் துளைக்கும் நெடி. 'நெடியம்' என்று ஏன் சொல்லக்கூடாது? 'நெடியத் தீத்தணிப்பி'!

---
ஐயா, அழிப்பான் என்று பிள்ளைகள் நாள்தோறும் சொல்கிறார்கள், அது பிழையா? ஆன் விகுதி பொருள்களுக்கு வந்து நாளாகிவிட்டது.

நெடியத்தை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். 'நெடிய' என்றால் நீண்ட என்றே எவரும் படிப்பார்கள். அதைவிட முக்கியம், எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் இந்தச் சேர்மங்கள், 2009-இல் பென்டா, ஆக்டா வகைப் புரோமோ டைஃபீனைல் ஈதர்கள், 2013-இல் ஹெக்சாபுரோமோசைக்ளோடோடெக்கேன், 2017-இல் டெக்கா வகை ஈதர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கையேட்டைப் படித்துவிட்டு மேலே தேடப்போகும் பிள்ளைக்குப் 'புரோமோ' என்ற இழை கையில் இருக்கவேண்டும். அதை அறுத்துவிட்டுத் தூய்மை எதற்கு?

---
எனக்குத் 'தணிப்பி'யே உறுத்துகிறது. தாகம் தணியும், காய்ச்சல் தணியும், இதமான சொல். கையேடு பேசுவது தீங்கை. இந்த ஈதர்கள் பிளாஸ்டிக்கோடு பிணையாமல் வெறுமனே கலந்திருப்பதால் மெல்லக் கசிந்து வீட்டுத் தூசிக்கு வருகின்றன, உடற்கொழுப்பில் தங்குகின்றன. சுவீடனில் 1972 முதல் 1997 வரை எடுத்த தாய்ப்பால் மாதிரிகளில் இவற்றின் அளவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரட்டித்தது. மின்கழிவைத் திறந்தவெளியில் கொளுத்தினால் புரோமின் ஏறிய டயாக்சின்கள், ஃபியூரான்கள் என்னும் நச்சுச் சேர்மங்கள் கிளம்பும். இதற்கு மருந்துக்கடைப் பெயரா? நீளமானாலும் 'தீ மட்டுப்படுத்தி' என்றே போடலாம்.

---
> இதற்கு மருந்துக்கடைப் பெயரா?

அம்மா, பெயர் வேலையைச் சொன்னால் போதும், தீங்கைப் பாடம் சொல்லட்டும். பூச்சிக்கொல்லி என்ற பெயரில் நிலத்தடி நீர் கெடுவது தெரிகிறதா?

---
எல்லோருக்கும் நன்றி. தீத்தணிப்பிக்கு நால்வர், தடுப்பானுக்கு இருவர், மட்டுப்படுத்திக்கு ஒருவர். நேரமில்லாததால் 'புரோமின் தீத்தணிப்பி' என்று போட்டுவிடுகிறேன். முதலில் வரும் இடத்தில் ஒலிபெயர்ப்பும் இருக்கும்.

---
போகட்டும், 'தணிப்பி'க்கு என் மறுப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் ஒன்று விட்டுப்போனது. மின்சுற்றுப் பலகையின் எப்பாக்சிப் பிசினில் 'டெட்ராபுரோமோ பிஸ்பீனால் ஏ' என்ற தணிப்பி வேதிப்பிணைப்பில் சேர்ந்துவிடுகிறது, மற்றவை போல எளிதில் கசியாது. பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடுதான் முதலில் தெரியவேண்டும். 'கலந்த தணிப்பி', 'பிணைந்த தணிப்பி' என்றால் சரியாக வருமா? வியாழனுக்குள் யாராவது சொல்லுங்கள்.