புதுப்பிப்பு: ரோம் பயணம், பிக்பாக்கெட் பயம், கடைசியில் வாங்கிய பை

ரோமுக்குத் திருட்டுத் தடுப்புப் பை வாங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஐந்து நாள் சுற்றிவிட்டுத் திரும்பிவிட்டோம், எதுவும் தொலையவில்லை.

கம்பி வலை தைத்த முதுகுப்பையை வாங்கவில்லை. கடையில் தூக்கிப் பார்த்தபோதே தோள் வலித்தது. பிளேடால் கிழிப்பவர்களைவிட ஜிப்பைத் திறப்பவர்களே அதிகம் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அதை நம்பி, ஜிப்பைக் கொக்கியில் மாட்டக்கூடிய சிறிய குறுக்குப் பை வாங்கி, நெஞ்சுக்கு முன்னால் போட்டுக்கொண்டேன்.

தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் எண் பஸ்ஸில்தான் சோதனை. மூச்சுவிட இடமில்லாத கூட்டம். இறங்கிப் பார்த்தால் வெளி அறையின் ஜிப் முழுவதும் திறந்திருந்தது. உள்ளே கைக்குட்டை மட்டும்தான். அதை யாரும் விரும்பவில்லை போலும். கொக்கி மாட்டிய பெரிய அறை அப்படியே இருந்தது. என் கணவர் கால்சட்டைப் பையில் குத்தியிருந்த ஊக்கும் அசையவில்லை. அந்த யோசனை சொன்ன அக்காவுக்குத் தனி நன்றி.

எதிர்பாராதது ஒன்று: கார்டின் விவரங்களை யாரும் தொடாமலேயே கருவியால் திருடாமலிருக்க வாங்கிய ஆர்எஃப்ஐடி உறை வீண். மெட்ரோ வாயிலில் கார்டைத் தட்டியே நுழையலாம் என்பதால், ஒவ்வொரு முறையும் அதை உறையிலிருந்து உருவ வேண்டியிருந்தது. பணம் எங்கே இருக்கிறது என்று நாமே ஊருக்குக் காட்டுவதுபோல. இரண்டாம் நாளிலிருந்து குறைந்த தொகை உள்ள ஒரு கார்டை மட்டும் தனியாக வைத்துக்கொண்டேன். கழுத்துப் பையில் போட்ட பாஸ்போர்ட் வியர்வையில் நனைந்தது. பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.