தினமும் ஓட்டும் ஜிம்னியை மண்பாதைக்கு எப்படித் தயார் செய்வது?

வணக்கம். என்னுடையது ஐந்து கதவு மாருதி ஜிம்னி, நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் வகை வண்டி. வாரத்தில் ஆறு நாள் திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்கு வேலைக்குப் போய்வரும் வண்டி. சென்ற மாதம் தேரிக்காட்டு ஓரம் ஒரு மண்பாதையில் ஆசைப்பட்டு இறக்கினேன். செம்மணலில் முப்பதடி கூடப் போகவில்லை, பின்சக்கரங்கள் பாதிக்கு மேல் புதைந்துவிட்டன. ஃபோர் லோ (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக வலுவோடு இழுக்கும் கியர்) போட்டும் அசையவில்லை. பதநீர் இறக்க வந்த அண்ணாச்சி ஒருவர் சக்கரத்தடியில் பனைமட்டைகளைச் செருகித்தான் கரையேற்றினார். நன்றாகத் திட்டவும் செய்தார்.

டயர் காற்றைக் குறைக்காமல் இறங்கியது என் தவறு. அடுத்த முறை 18 பிஎஸ்ஐக்குக் குறைக்கலாம் என்றிருக்கிறேன், சரிதானா? திரும்பக் காற்றடிக்க 12 வோல்ட் சிறு கம்ப்ரசர் தாங்குமா?

பெரிய குழப்பம் டயரில்தான். இப்போது இருப்பவை 195/80 ஆர்15 சாலை டயர்கள். அதே அளவில் ஆல்-டெரைன் (சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான டயர்) போதுமா, அகலமான 215/75க்குப் போகவேண்டுமா? நான்குவழிச் சாலையில் இரைச்சல் எவ்வளவு கூடும், மைலேஜ் எவ்வளவு குறையும்? வண்டியை உயர்த்தும் எண்ணமில்லை. தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள 210 மில்லிமீட்டர் இடைவெளி எனக்குத் தாராளம், அம்மாவும் ஏறி இறங்கவேண்டும். இழுவைப் பட்டை எத்தனை டன் தாங்குவதாக வாங்கலாம்? மணலில் ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.