பால்கனி சிலாபில் கம்பி துரு: உடைக்காமல் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி (கரையோரம்): திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் எங்கள் குடியிருப்பு. கட்டி 30 வருடம் இருக்கும். பால்கனி சிலாபின் அடியில் ஓரிடத்தில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. கம்பியைத் தேய்த்து, பெயிண்ட் அடித்துப் பூசினால் போதும் என்கிறார் மேஸ்திரி. மற்ற இடங்களில் உள்ளே எப்படி இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில் (செந்தூரம்): பூச்சு வேலையை முதலில் நிறுத்துங்கள். பழைய கட்டடங்களைச் சோதிப்பதுதான் என் வேலை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். சிலாபின் அடி முழுக்கச் சிறிய சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொக்கென்று சத்தம் வரும் இடத்தில் காரை ஏற்கனவே விட்டுவிட்டது. சாக்பீஸால் வட்டம் போடுங்கள்.

சத்தம் கெட்டியாக இருக்கும் இடத்திலும் துரு தொடங்கியிருக்கலாம். அதற்கு ஹாஃப் செல் சோதனை, அதாவது கம்பியின் மின்னழுத்தத்தை கான்கிரீட்டின் மேலிருந்தே அளப்பது. மீட்டரின் ஒரு முனையைக் கம்பியில் இணைத்து, செம்பு சல்பேட் மின்வாயை ஈரப்படுத்திய கான்கிரீட்டில் கட்டம் கட்டமாக வைத்துக்கொண்டே போவார்கள். மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டி இன்னும் மைனஸில் போனால், அங்கே துரு ஏறிக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. மைனஸ் 200க்கு இந்தப் பக்கம், பூஜ்ஜியத்தை நோக்கி இருந்தால், துரு இல்லாமல் இருக்க அதே அளவு வாய்ப்பு. நடுவில் இருந்தால் உறுதியாகச் சொல்ல முடியாது. கம்பி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை இந்த எண் சொல்லாது. ஓரிரு இடத்தில் உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பதில் (ஆய்வகம்): காரத்தன்மை இருந்தால் நிறம் மாறும் பினாப்தலீன் கரைசலைத் தெளித்துப் பார்த்து, இளஞ்சிவப்பு வந்தால் நல்ல கான்கிரீட் என்று சிலர் முடித்துவிடுவார்கள். கடலோரத்தில் அதை மட்டும் நம்பாதீர்கள். காரத்தன்மை குறையாமலே உப்பு உள்ளே இறங்கிக் கம்பியை அரிக்கும். வெவ்வேறு ஆழத்தில் துளைத்துத் தூள் எடுத்து குளோரைடு (உப்பு) அளவு பாருங்கள். உப்பேறிய பழைய கான்கிரீட்டை விட்டுவிட்டு ஒட்டுப் போட்டால், ஒட்டின் ஓரத்திலேயே மறுபடி துரு கிளம்பும்.

பதில் (செந்தூரம்): சரியாகச் சொன்னீர்கள். இன்னொன்று, பால்கனி கேண்டிலீவரா? அதாவது, தூண் எதுவும் தாங்காமல் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கிறதா?

கரையோரம்: ஆமாம் சார். மேலே டைல்ஸ் போட்டிருக்கிறது.

பதில் (செந்தூரம்): அப்படியென்றால் பாரம் தாங்கும் முக்கியக் கம்பி சிலாபின் மேல்பக்கத்தில், டைல்ஸுக்கு அடியில் இருக்கிறது. கீழே தட்டுவதால் அதைப் பற்றி எதுவும் தெரியாது. சுவரை ஒட்டிய வரிசை டைல்ஸை எடுத்துவிட்டு அங்கே சோதிக்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் வந்து பார்க்கும்வரை தண்ணீர் டிரம், பூந்தொட்டி எதுவும் அங்கே வேண்டாம். கீழே வண்டி நிறுத்துவதையும் தவிருங்கள்.